புதுப்பிப்பு: பைன் தடிகளின் அளவு ஏன் குறைந்தது?

நான் விற்ற பைன் தடிகளுக்கு, நான் அளந்த கன அளவைவிட மர அறுவை மில்காரர் கணக்கு ஏழில் ஒரு பங்கு குறைவாக வந்தது, ஏமாற்றுகிறார்களா என்று முன்பு கேட்டிருந்தேன். இல்லை, தவறு என்னுடையதுதான்.

நான் பட்டையோடு சேர்த்து நுனி விட்டத்தை, அதாவது தடியின் மெலிந்த முனையின் விட்டத்தை, அளந்திருக்கிறேன். அவர்கள் பட்டைக்கு உள்ளே அளந்தார்கள். நுனி 30 செ.மீ. என்று நான் எழுதிய தடி அவர்களுக்கு 28 செ.மீ. இரண்டு செ.மீ. தானே என்று தோன்றும். ஆனால் கன அளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் சுமார் 13 சதவீதம் போய்விடுகிறது. பள்ளிக்கூடக் கணக்குதான், அன்றைக்கு உறைக்கவில்லை.

தரம் பிரித்ததையும் கூடவே நின்று பார்த்தேன். விட்டம், நீளம், வளைவு, கணு எல்லாம் பார்க்கிறார்கள். சிறு வயதிலேயே கிளை கழித்து வளர்த்த மரத்தின் அடித்தடிக்குத்தான் நல்ல விலை, ஏனென்றால் வெளிப்பகுதியில் கணு இல்லாத பலகை கிடைக்கும். மெலிந்ததும் கோணலானதும் காகிதக்கூழுக்குப் போகும். ஒரே மரத்தின் அடிக்கும் நுனிக்கும் வெவ்வேறு விலை. சராசரி போட்டு மொத்தமாக விலை பேசியது என் இரண்டாவது தவறு.

அப்புறம், கூழ்த்தடியை எடைக்கு விற்பவர்கள் வெட்டியதும் அனுப்பிவிடுங்கள். கிடக்கக் கிடக்க ஈரம் வற்றி எடை குறையும். பலகைக்கு அறுக்கும் அறுவைத்தடியிலும் தாமதம் கூடாது, வெயில் காலத்தில் நீலக்கறை பூஞ்சை சீக்கிரம் ஏறிவிடும். பலம் பெரிதாகக் குறையாது என்றாலும் தரம் இறங்கிவிடும்.

அடுத்த சுமைக்குப் பட்டையை நீக்கி அளந்தேன். இரண்டு கணக்கும் கிட்டத்தட்ட ஒத்துப்போனது.