மறுமொழி: கிளேடு – கூட்டமா, கொடிவழியா?

> கிளேடு என்பதற்கு நம் பக்கத்துச் சொல்லான ‘கூட்டம்’ போதுமே. ஒரே முன்னோர், ஒரே குலசாமி, எல்லாரும் பங்காளிகள். செடிகளுக்கும் அதுதானே?

ஐயா, வணக்கம்ங்க. உயிரினங்களை உறவுமுறைப்படி வகுக்கும்போது ‘கிளேடு’ (clade) என்கிறார்களே, அதற்கு நல்ல தமிழ்ச்சொல் எது என்ற உங்கள் கேள்விக்குத்தான் இந்த மறுமொழி.

நம் கொங்குப் பக்கம், கோபியிலோ காங்கேயத்திலோ, கூட்டம் என்றால் குலம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மதுரைக்காரர் பொதுக்கூட்டம் என்று நினைத்தாலும் ‘மரபுக்கூட்டம்’ என்று ஒட்டுப்போட்டுச் சரிசெய்துவிடலாம். எனக்கு உறுத்துவது வேறு. பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் அவள் பிள்ளைகள் மாப்பிள்ளையின் கூட்டத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். கிளேடில் அது ஆகாது. ஒரு மூதாதை, அதன் வழிவந்த அத்தனையும், ஒன்றுகூட விடாமல்: அதுதான் கிளேடு. சொத்துக்காகக் கொடிவழி, அதாவது வம்சாவளிப் பட்டியல், எழுதும்போது மகள் வழியும் வந்தாக வேண்டும் அல்லவா? அதனால் நான் ‘கொடிவழி’ பக்கம்.

கடுகுக் குடும்பத்தில் வைத்துப் பாருங்கள். முற்றிக் காய்ந்த கடுகு நெற்றை லேசாக நசுக்கினால் அடியிலிருந்து இரண்டு ஓடும் கழன்றுவிடும். நடுவில் காகிதம்போல ஒரு சவ்வு, அதன் ஓரத்தில் விதைகள். முள்ளங்கிக் காய் இப்படி வெடிக்காது. பஞ்சுபோல உப்பி, விதையை உள்ளேயே வைத்திருக்கும். பழைய வகைப்பாட்டில் காயின் வடிவத்துக்கு மதிப்பு அதிகம். ஆகவே முள்ளங்கி ரஃபானஸ் என்று தனிப் பேரினமாயிற்று. கடுகும் முட்டைக்கோசும் பிராசிகா என்ற பேரினத்தில் நின்றன. அப்புறம் பசுங்கணிக (chloroplast) டிஎன்ஏவை ஒப்பிட்டார்கள். முட்டைக்கோசுக்கு, அதே பிராசிகாவில் இருக்கும் கருங்கடுகைவிட (பிராசிகா நைக்ரா) முள்ளங்கிதான் நெருங்கிய சொந்தம் என்று வந்தது. அப்படியானால் பிராசிகா என்பது வாரிசு விடுபட்ட பட்டியல். பாராஃபைலெட்டிக் என்கிறார்களே, அது இதுதான். இதை ‘விடுகொடி’ என்றும், யாரும் விடுபடாத மோனோஃபைலெட்டிக்கை ‘முழுக்கொடி’ என்றும் சொல்லலாம். வெவ்வேறு மூதாதை வழியினரை ஒன்றாகச் சேர்த்துவிட்ட பாலிஃபைலெட்டிக்குக்குப் ‘பல்கொடி’.

முழுக்கொடி எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம். 1998இல் டிஎன்ஏவை அடிப்படையாகக் கொண்டு வந்த வகைப்பாட்டில் முருங்கையும் பப்பாளியும் கடுகின் துறைக்குள்ளேயே (துறை என்பது பல குடும்பங்கள் சேர்ந்த order) வந்துவிட்டன. மூலனூர் முருங்கைக்கும் கடுகுக்கும் என்ன உறவு என்று கேட்பவரிடம் ஒரு பப்பாளி விதையைக் கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதே காரம் நாக்கில் ஏறும்.

ஒரு சிக்கல் மட்டும் மீதி இருக்கிறது. நாம் தாளிக்கும் கடுகு, பிராசிகா ஜன்சியா, இரண்டு இனங்களின் கலப்பு. குரோமோசோம் இணைகள் 10, 8, சேர்ந்து 18. தாவரவியலாளர் நாகஹாரு 1935இலேயே இதைக் காட்டினார். இதன் பசுங்கணிகம் தாயான பிராசிகா ராப்பாவிடமிருந்து வந்தது. அதை மட்டும் படித்தால் தகப்பனான கருங்கடுகு கண்ணிலேயே படாது; உட்கரு டிஎன்ஏவையும் படிக்க வேண்டும். இப்படி இரண்டு வழியிலும் உரிமையுள்ள இனத்துக்கு ‘இருகொடி’ என்று வைக்கலாமா? ‘கலப்பினம்’ இருக்கிறதே என்பீர்கள். அது விவசாயிகள் வாயில் வீரிய விதைக்கு ஆகிவிட்டது, அதனால்தான் தயங்குகிறேன்.

‘விடுகொடி’யைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். ‘கொடிவழி’யை மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.