மறு: ‘அநாதைச் செயல்முறைக் குழு’ – இந்தச் சொல் வேண்டாமே

நண்பர்களே,

நம் கணினிச் சொற்பட்டியலில், ஆங்கிலத்தின் ‘ஆர்ஃபன்ட் ப்ராசஸ் குரூப்’புக்கு ‘அநாதைச் செயல்முறைக் குழு’ என்று வைத்திருக்கும் வரியைப் பற்றி நான் பேசாமலே இருந்திருப்பேன். (செயல்முறை என்பது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்; செயல்முறைகள் சேர்ந்தது குழு, குழுக்கள் சேர்ந்தது அமர்வு.) ஆனால் போன வாரம் என் இரண்டு மாலைகளை அது தின்றுவிட்டது. அதனால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முனையத்தில் ஓடும் நிரல்களைச் சோதிக்க ஒரு சின்னக் கருவி எழுதிக்கொண்டிருக்கிறேன். அது ஒரு போலி முனையத்தைத் திறந்து ஃபோர்க் செய்யும், அதாவது தன் நகலாக ஒரு பிள்ளைச் செயல்முறையை உருவாக்கும். பிள்ளை செட்எஸ்ஐடி அழைத்துப் புது அமர்வு தொடங்கி, அந்த முனையத்தைத் தனதாக்கிக்கொண்டு, சோதிக்க வேண்டிய நிரலாக எக்செக் ஆகும், அதாவது தன் இடத்தில் அந்த நிரலை ஏற்றி ஓட்டும். கன்ட்ரோல்-சி அனுப்பினால் நிரல் ஒழுங்காகச் சாகிறது. நிரலை நிறுத்திவைக்க வேண்டிய கன்ட்ரோல்-இசட் அனுப்பினால் ஒன்றுமே நடக்கவில்லை. நிற்கவும் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. அதே நிரலை, நாம் தட்டும் கட்டளைகளை ஓட்டும் ஷெல்லிலிருந்து ஓட்டினால் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

முனைய அமைப்புகளைப் பார்த்தேன், சரியாக இருந்தன. நிரலே சிக்னலை (செயல்முறைக்குப் போகும் அறிவிப்பை) புறக்கணிக்கிறதோ என்று, செயல்முறைகளின் நிலையைக் காட்டும் ப்ராக் அடைவில் சிக்னல் வரிகளைத் துழாவினேன். கன்ட்ரோல்-இசட் எழுப்பும் சிக்னலான சிக்டிஎஸ்டிபி-க்கு என் லினக்ஸில் எண் 20. அதற்கான பிட் எந்த வரியிலும் ஏற்றப்படவில்லை. செயல்முறைகளைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை, செயல்முறை எண், குழு எண், அமர்வு எண் மூன்றும் ஒன்றே என்றது. நிலை என்ற பத்தியில் கூட்டல் குறியும் இருந்தது; முனையத்தைக் கையில் வைத்திருக்கும் முன்னணிக் குழுதான். சந்தேகத்துக்கு, எந்த நிரலும் புறக்கணிக்க முடியாத நிறுத்தச் சிக்னலான சிக்ஸ்டாப் அனுப்பிப் பார்த்தேன், உடனே நின்றது. அப்புறம் வேறொரு முனையத்திலிருந்து நானே அதை எழுப்பிவிட வேண்டியிருந்தது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், விதி எனக்கு முன்பே தெரியும். நம் பட்டியலின் வார்த்தையில் சொன்னால், ‘அநாதைச் செயல்முறைக் குழு’வில் சிக்டிஎஸ்டிபி, பின்னணியிலிருந்து முனையத்தைப் படிக்கப் போனால் வரும் சிக்டிடிஇன், அதில் எழுதவோ அதன் அமைப்பை மாற்றவோ போனால் வரக்கூடிய சிக்டிடிஓயூ மூன்றும் இயல்பாகச் செய்யும் நிறுத்தம் நடக்காது. முதல் மாலையே அது நினைவுக்கு வந்தது. ‘தாய்ச் செயல்முறை என் கருவிதான், அது உயிரோடு இருக்கிறதே, இது எப்படி அநாதை ஆகும்?’ என்று நானே அடித்துப் போட்டுவிட்டேன். அந்தச் சொல் என்னை நேராகத் தவறான பக்கம் அனுப்பியது.

யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரம் சொல்லும் வரையறையில் சாவே கிடையாது. குழுவின் ஒவ்வோர் உறுப்பினரையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தாய் அதே குழுவில் இருக்கலாம், அல்லது அந்த அமர்வுக்கே வெளியே இருக்கலாம். எல்லா உறுப்பினருக்கும் இப்படியே என்றால் அந்தக் குழு இந்த வகை. ‘அமர்வுக்குள்ளே, குழுவுக்கு வெளியே’ நிற்கும் ஒரு தாயாவது இருந்தால் இந்த வகை இல்லை. என் பிள்ளைக்குத் தாய் இருந்தாள், ஆனால் வேறு அமர்வில் இருந்தாள். முனையத்தில் நீங்கள் உள்நுழைந்ததும் கிடைக்கும் ஷெல்லின் குழுவும் இதே காரணத்தால் இந்த வகைதான். அதை யாராவது அநாதை என்போமா?

வரையறை ஏன் இப்படி என்று யோசித்தால் சொல் தானாக வருகிறது. ஒரு குழு நின்றுவிட்டால் அதை மறுபடி ஓட விடுபவர் யார்? வழக்கமாக ஷெல். பிள்ளை நின்ற செய்தி வெயிட்பிஐடி என்ற அழைப்பு வழியாக ஷெல்லுக்குத் தெரியும். அது முனையத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். நாம் எஃப்ஜி கட்டளை கொடுத்ததும் முனையத்தைக் குழுவிடம் திருப்பிக் கொடுத்து, ‘தொடர்ந்து ஓடு’ என்னும் சிக்கான்ட் சிக்னலை அனுப்பும். இப்படி ஒருவர் அமர்வுக்குள் இல்லையென்றால், நின்ற குழு நின்றபடியே கிடக்கும். அதனால்தான் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அதை நிறுத்தவே மறுக்கிறது. பின்னணியில் இருக்கும் அப்படிப்பட்ட குழு முனையத்தைப் படிக்க வந்தால், நிறுத்துவதற்குப் பதிலாக உள்ளீட்டு-வெளியீட்டுப் பிழையைக் கொடுத்து அனுப்பும். ஏற்கெனவே நிற்கும் உறுப்பினர் இருக்கும்போது ஷெல் போய்விட்டால், குழு முழுமைக்கும் ‘இணைப்பு போய்விட்டது’ என்னும் சிக்ஹப் போகும், பின்னாலேயே சிக்கான்ட்.

ஆக இங்கே இல்லாதது பெற்றோர் அல்ல, ‘ஏன் நிற்கிறாய்’ என்று கேட்கும் ஆள். இதற்கு நம்மிடம் தயாராக ஒரு சொல் இருக்கிறது: கேட்பாரற்ற குழு. ‘கேட்பாரற்றுக் கிடந்தது’ என்று படித்தால், அந்தப் பொருளுக்கு உடையவரே கிடையாது என்று யாரும் நினைப்பதில்லை. பக்கத்தில் யாரும் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறோம்.

இனி வந்த மறுப்புகள்.

> ‘அநாதை’ எல்லோருக்கும் புரிகிறது. புரிகிற சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

புரிவதுதான் தொல்லை, வேறு ஒன்றாகப் புரிகிறது. தாய் முடிந்துபோய், 1ஆம் எண் செயல்முறை தத்தெடுத்துக்கொள்ளும் தனிச் செயல்முறைக்கு ‘அநாதை’ பொருந்தும், அதற்கே இருக்கட்டும். ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக் குழம்புகிறது. நாமும் சேர்ந்து குழம்புவானேன்.

> வடசொல்லைத் தவிர்க்க ‘ஏதிலிக் குழு’ என்று வைக்கலாம்.

ஏதிலி இன்று அகதியைக் குறிக்கிறது. நாட்டைவிட்டு ஓடிவந்தவர்களின் பெயரைக் கெர்னலுக்குள் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. பொருளும் பொருந்தாது.

> ‘கேட்பார்’ என்றால் வலையமைப்பில் இணைப்புக்காகக் காது கொடுத்துக் காத்திருக்கும் நிரலோடு குழம்பாதா?

நியாயமான கேள்வி. தனியாகக் ‘கேட்பான்’ என்று வந்தால் குழம்பும்தான். ‘அற்ற’ ஒட்டிக்கொண்டதும் மரபுத்தொடராகிவிடுகிறது. அதைக் காது கேளாத குழு என்று யாரும் படிக்கமாட்டார்கள். ‘கேட்பாரிலி’ என்று சுருக்கச் சொன்னவருக்கு நன்றி, ஆனால் அது மருந்துப் பெயர் போல ஒலிக்கிறது.

என் சொல்லில் ஓர் ஓட்டை இருப்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். கேட்கக்கூடிய தாய் அமர்வில் இருக்கிறாளா என்று மட்டுமே கெர்னல் பார்க்கிறது, அவள் உண்மையில் கேட்கிறாளா என்று பார்ப்பதில்லை. வெயிட்பிஐடியை ‘நின்றாலும் சொல்’ என்ற கொடி இல்லாமல் அழைக்கும் தாய், பிள்ளை நின்றதை அறியாமலே உட்கார்ந்திருப்பாள். கெர்னல் கணக்கில் அப்போதும் கேட்பார் உண்டு. ‘அநாதை’யின் ஓட்டையோடு ஒப்பிட்டால் இது சின்னது என்று விட்டுவிட்டேன்.

பிழையைத் திருத்தியதும் ஒரு கதை. கருவிக்கும் நிரலுக்கும் நடுவே ஒரு சின்னக் காவலாளை வைத்தேன். அமர்வின் தலைமை அவருடையது. நிரல் அவருடைய பிள்ளையாகத் தனிக் குழுவில் ஓடும். பிள்ளையைத் தனிக் குழுவில் வைக்கும் செட்பிஜிஐடி-யைத் தாயும் பிள்ளையும் இருவருமே அழைக்க வேண்டும் – யார் முதலில் ஓடுவார் என்று சொல்ல முடியாது, பிள்ளை எக்செக் ஆனபின் தாய் அழைத்தால் அனுமதி கிடையாது. சரி, இப்போது கன்ட்ரோல்-இசட் வேலை செய்தது. ஆனால் காவலாள் முனையத்தைத் திரும்ப எடுக்க டிசிசெட்பிஜிஆர்பி அழைத்தபோது உள்ளீட்டு-வெளியீட்டுப் பிழை! அந்த நேரத்தில் அவர் பின்னணியில் இருக்கிறார், வழக்கமாக சிக்டிடிஓயூ வந்து நின்றிருக்க வேண்டும். ஏன் பிழை என்றால், அவருடைய குழுவும் கேட்பாரற்றது. இந்த முறை இரண்டு நிமிடத்தில் பிடிபட்டது. சிக்டிடிஓயூ-வைப் புறக்கணிக்கச் சொன்னதும் தீர்ந்தது.

பட்டியலில் பக்கத்து வரிகள் பற்றியும் இரண்டு வார்த்தை.

செயல்முறைக் குழுவைச் சுருக்கி ‘செயற்குழு’ ஆக்கும் யோசனை வேண்டாம். ‘செயற்குழுவைக் கொல்ல எண்ணுக்கு முன் கழித்தல் குறி இடவும்’ என்று கையேட்டில் எழுத எனக்குத் துணிவில்லை. ‘பணிக்குழு’வுக்கும் அதே கதிதான். ‘பணி’ ஷெல் வைத்திருக்கும் கணக்கு, ‘குழு’ கெர்னல் வைத்திருக்கும் கணக்கு. இரண்டையும் ஒட்டவைக்காமல் இருந்தாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

‘நிறுத்தப்பட்டது’ என்று மொட்டையாக விட்டால் முடிந்துவிட்டதா, காத்திருக்கிறதா என்று தெரியாது. இதற்குப் புதுச்சொல் எதுவும் தேவையில்லை, துணைவினை போதும். ‘நிறுத்திவிட்டான்’ என்றால் கதை முடிந்தது. ‘நிறுத்திவைத்திருக்கிறான்’ என்றால் திரும்ப எடுப்பான். எனவே கன்ட்ரோல்-இசட்டின் விளைவு ‘நிறுத்திவைப்பு’, முடியச் சொல்லும் சிக்னலான சிக்டெர்மின் விளைவு ‘முடிப்பு’. ‘இடைநிறுத்தம்’ வேண்டும் என்பவர்களோடு சண்டை இல்லை, ஆனால் பள்ளியிலிருந்து விலகிய பிள்ளைகளின் நினைவு எனக்கு வருகிறது.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் ‘கேட்பாரற்ற குழு’, ‘நிறுத்திவைப்பு’ இரண்டையும் வரைவில் ஏற்றிவிடுகிறேன். முடிந்த பின்னும் பட்டியலில் கிடக்கும் செயல்முறை (ஆங்கிலத்தில் ஜோம்பி) ‘பேய்ச் செயல்முறை’யா ‘பிணச் செயல்முறை’யா என்ற வழக்கைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம், நான் பிணத்தின் பக்கம்.