பஸ்ஸில் தினமும் 20 பக்கமாம்! இது நடக்கிற காரியமா?

மூன்றாம்பெஞ்ச்:
நூலக வாரம் என்று எங்கள் கல்லூரியில் கூட்டம் வைத்தார்கள். நவம்பர் 14 முதல் 20 வரை வருடம் தவறாமல் நடக்கிறதுதான். இந்த முறை வந்த சிறப்பு விருந்தினர், "படிக்க நேரமில்லை என்பது சோம்பேறிகள் சொல்லும் சாக்கு. பஸ்ஸில் வரும்போது தினமும் 20 பக்கம் படியுங்கள், மாதம் இரண்டு நாவல் முடிந்துவிடும்" என்றார். அரங்கமே கை தட்டியது. எனக்கு வயிறு எரிந்தது. அவர் வந்து இறங்கியது காரில்.

நான் இ.சி.இ. மூன்றாம் ஆண்டு, டே ஸ்காலர். விடிவதற்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டும். திரும்பி வீடு சேரும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். அப்புறம் லேப் ரெகார்ட், அசைன்மெண்ட். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்குக் கல்லூரியிலேயே போடும் இன்டர்னல் 20 மதிப்பெண். 2021-ல் அதை 40 ஆக்கிவிட்டார்கள். கடைசி மாதம் மட்டும் விழுந்து விழுந்து படித்துத் தப்பித்த காலம் போய்விட்டது, செமஸ்டர் முழுக்க ஏதாவது ஒரு டெஸ்ட் ஓடுகிறது. மேலே ப்ளேஸ்மெண்ட் ட்ரெயினிங், அரசின் நான் முதல்வன் திட்டக் கோர்ஸ்.

கதை பிடிக்காதவன் இல்லை நான். பள்ளி நாட்களில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் கிடந்தவன். அந்தக் கோபத்தில்தான் கேட்கிறேன்: பஸ்ஸில் 20 பக்கம், அதுவும் தினமும், யாராவது படித்திருக்கிறீர்களா?

பல்லவன்காலம்:
நான் படித்திருக்கிறேன் தம்பி. தொண்ணூறுகளில் தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்குப் பல்லவனில், அதாவது அன்றைய சென்னை அரசு டவுன் பஸ்ஸில், போய்வந்து டிகிரி முடித்தவன். லெண்டிங் லைப்ரரியில் எடுத்த புத்தகத்தை மறுநாளே திருப்பிக் கொடுக்காவிட்டால் கூடுதல் காசு. அதனால் 20 பக்கம் என்பதே குறைந்த கணக்கு. உங்களுக்கும் நேரம் இருக்கிறது, அது ரீல்ஸில் போகிறது. அந்த விருந்தினர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

மூன்றாம்பெஞ்ச்:
முதல் பதிலிலேயே ரீல்ஸ் வந்துவிட்டது, நன்றி. ஐயா, பல்லவனில் உட்கார இடம் கிடைத்ததா?

பல்லவன்காலம்:
இடமா? படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போன காலம் அது.

ஹாஸ்டல்வாசி:
படிக்கட்டில் தொங்கிக்கொண்டே 20 பக்கம். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் புத்தகம். பக்கத்தைத் திருப்பியது யார், கண்டக்டரா?

பல்லவன்காலம்:
சிரிக்கலாம், சிரியுங்கள். கிண்டியில் தொழிற்பேட்டைக்காரர்கள் இறங்கியதும் இடம் கிடைத்துவிடும். அங்கிருந்து மவுண்ட் ரோடு முழுக்க சிக்னல். சிக்னலுக்கு ஒரு பக்கம் வைத்தாலும் 20 வந்துவிடும். ஆசை இருந்தால் இடம் தானாகக் கிடைக்கும்.

ஜன்னலோரம்:
பிசியோதெரபி படிக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஓடுகிற வண்டியில் எல்லோராலும் படிக்க முடியாது. கண் அசையாத எழுத்தைப் பார்க்கிறது. உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, வண்டி குலுங்குவதையும் திரும்புவதையும் மூளைக்குச் சொல்கிறது. இரண்டு தகவலும் ஒத்துப்போகாதபோது தலைசுற்றல், குமட்டல். சிலருக்கு அதிகம், சிலருக்கு இருக்கவே இருக்காது. பல்லவன் ஐயாவுக்கு இல்லை போலிருக்கிறது. அது அவருடைய உடல்வாகு, ஆசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜன்னல் வழியே தூரத்தில் பார்த்துக்கொண்டு வருவதுதான் எனக்கு மருந்து.

பல்லவன்காலம்:
எங்கள் காலத்தில் மனிதர்களுக்கு உள்காது கிடையாது போல. படிக்காமலிருக்க இப்போது மருத்துவக் காரணமும் வந்துவிட்டது. நான் சொல்வது ஒன்றே ஒன்று: பஸ்ஸில் 20 பக்கம் முடியும். நான் முடித்தேன்.

நூலகத்தூசி:
நூலக அறிவியல் மாணவன் நான். எதை வைத்து இந்தச் சண்டை என்று முதலில் பேசிக்கொள்வோமா? ஆசைக்குப் படிப்பது என்றால் நாவல் மட்டும்தானா? வார இதழ், கவிதை, கிரிக்கெட் கட்டுரை எல்லாம் சேருமா?

பல்லவன்காலம்:
அதெல்லாம் அப்புறம் பேசலாம். 20 பக்கம் முடியுமா, முடியாதா?

மூன்றாம்பெஞ்ச்:
முடியாது. எங்கள் பஸ்ஸில் பாதி வழி ரோடே கிடையாது, மேம்பால வேலை. காலையில் லைட் போட மாட்டார்கள், எல்லோரும் தூங்குகிறார்கள் என்று டிரைவர் அண்ணன் அணைத்துவிடுவார். சாயங்காலம் போட்டால் பாட்டையும் சேர்த்துப் போடுவார். அந்தத் தூக்கம் போனால் முதல் பீரியடில் விழுவேன். இரவில் விட்டதை அங்கேதான் பிடிக்கிறோம்.

ஷிப்ட்டூ:
அரசு கலைக் கல்லூரி, பி.ஏ. வரலாறு, ஷிப்ட் 2. காலையில் ஜெராக்ஸ் கடையில் வேலை, மதியம் வகுப்பு. இங்கே இன்ஜினியரிங் தம்பிகள் அழுவதைப் பார்த்தால் கோபம் வருகிறது. உங்களுக்காகத் தனி பஸ், தனி சீட், வீட்டு வாசலில் இறக்கம். நான் டவுன் பஸ்ஸில் போகிறேன். 2021-லிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, அந்த மிச்சக் காசில்தான் புத்தகம் வாங்குகிறேன். மிஷின் ஓடுகிற நேரத்தில் கடையில் நின்றுகொண்டே படிக்கிறேன். நேரமில்லை என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை.

அப்புறம் அந்த ரெகார்ட். உங்கள் சீனியர் எழுதியதைக் கட்டுக்கட்டாகப் பிரதி எடுத்துக் கொடுப்பதே நான்தான். எவ்வளவு சொந்தமாக எழுதுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பல்லவன்காலம்:
பார்த்தீர்களா! இந்தத் தங்கை சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். பஸ்ஸில் 20 பக்கம்.

ஷிப்ட்டூ:
அண்ணா, நான் பஸ்ஸில் படிக்கிறேன் என்று எங்கே சொன்னேன்? கடையில் என்று சொன்னேன். பஸ்ஸில் ஒரு கையால் பையை மார்போடு பிடித்துக்கொண்டு, பின்னால் யார் நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டு வருகிறேன். புத்தகத்தில் மூழ்குகிற சௌகரியம் உங்களைப் போன்ற ஆண்களுக்கு இருந்திருக்கலாம். என்னை உங்கள் கட்சியில் சேர்க்காதீர்கள்.

மூன்றாம்பெஞ்ச்:
அக்கா, பார்த்து எழுதினாலும் கைதானே எழுதுகிறது? 40 பக்க ரெகார்டைக் கையால் எழுதிப் பாருங்கள், மணி பன்னிரண்டு ஆகிவிடும். தனி சீட் என்கிறீர்கள், அந்த சீட்டுக்கு வருடாவருடம் எங்கள் வீட்டில் பணம் கட்டுகிறார்கள்.

ஷிப்ட்டூ:
கட்ட முடிகிறது, கட்டுகிறார்கள்.

ஹாஸ்டல்வாசி:
பஸ்ஸே இல்லாத என்னிடம் கேளுங்கள். ஹாஸ்டலில் இருந்தால் நேரம் கொட்டிக்கிடக்கும் என்று நினைக்கிறார்கள். இரவு 7 முதல் 9 வரை ஸ்டடி ஹவர். அந்த நேரத்தில் மேஜையில் பாடப்புத்தகம் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. என் மேஜையில் ஒரு சிறுகதைத் தொகுப்பைப் பார்த்துவிட்டு வார்டன் எடுத்துப் போனார். திருப்பிக் கேட்டதற்கு "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்றார். பீடி, சிகரெட் பிடித்த பையனுக்கும் இதே தண்டனைதான். இரண்டு குற்றமும் அவருக்கு ஒன்று.

பல்லவன்காலம்:
உனக்கு பஸ்ஸே இல்லை என்றால் பஸ் விவாதத்தில் உனக்கு என்ன வேலை?

ஹாஸ்டல்வாசி:
திரி ஆரம்பித்தது நேரத்தைப் பற்றி. பஸ்ஸாக மாற்றியவர் நீங்கள்.

நூலகத்தூசி:
நான் கேட்டதை யாரும் கண்டுகொள்ளவில்லை, சரி. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931-ல் அவர் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. பொது நூலகத்துக்கென்று இந்தியாவில் மாகாண அளவில் முதலில் சட்டம் வந்ததும் இங்கேதான், 1948-ல். அந்த ஊரில் இன்று எத்தனை கல்லூரி நூலகங்கள் வகுப்பு முடிகிற நேரத்தோடு கதவைச் சாத்துகின்றன? வகுப்பு நேரத்தில் போனால் "எந்த பீரியட், ஏன் வெளியே வந்தாய்" என்று விசாரணை. வகுப்பு முடிந்ததும் பஸ் கிளம்பிவிடும். 75 சதவீத வருகை வேறு தலைக்கு மேல் தொங்குகிறது. கதைப் புத்தக அலமாரிக்குப் பூட்டு, சாவி ஒருவரிடம், அவர் விடுப்பில். மாணவனைச் சோம்பேறி என்பதற்கு முன்னால் அந்த விருந்தினர் மேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதல்வரிடம், உங்கள் நூலகம் எத்தனை மணிக்கு மூடுகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மூன்றாம்பெஞ்ச்:
நூறு லைக். எங்கள் கல்லூரியில் சொந்தப் புத்தகத்தை நூலகத்துக்குள் கொண்டுபோகவும் விட மாட்டார்கள். பையை வெளியே வைத்துவிட்டு நோட்டும் பேனாவும் மட்டும்.

பல்லவன்காலம்:
கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-லிருந்து திறந்து கிடக்கிறது, சொந்தப் புத்தகம் படிக்கத் தனிப் பகுதியே உண்டு. மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்துவிட்டது. போகிறவன் போகிறான். ரங்கநாதன் பஸ்ஸில் படிக்காதே என்று எங்காவது எழுதியிருக்கிறாரா?

ஹாஸ்டல்வாசி:
சென்னையும் மதுரையும் தவிர தமிழ்நாட்டில் வேறு ஊரே இல்லை. நான் நாமக்கல் பக்கம். ஞாயிற்றுக்கிழமை அவுட்டிங் மூன்று மணி நேரம், அதில் கோட்டூர்புரம் போய்த் திரும்பிவிடுகிறேன்.

தொடுதிரை:
எல்லோரும் காகிதப் புத்தகத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். போனில் படியுங்கள். கல்கியின் எழுத்துகள் 1999-ல் நாட்டுடைமை ஆகிவிட்டன. மதுரைத் திட்டம் 1998-லிருந்து இலவசமாக மின்னூல் தருகிறது. கேன்டீன் வரிசையிலும் லேபுக்கு வெளியே நிற்கும்போதும் இரண்டு இரண்டு பக்கமாக நான் படிக்கிறேன். பொன்னியின் செல்வனே 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்ததுதானே. அந்தக் கால வாசகர்கள் வாரத்துக்குச் சில பக்கம்தான் படித்தார்கள், மிச்ச நாளெல்லாம் அடுத்து என்ன ஆகும் என்று பேசிக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை. தினமும் 20 என்று கணக்கு வைத்தால் அதுவும் ஒரு அசைன்மெண்ட் ஆகிவிடும். ஆசைக்குப் படிப்பதிலும் டார்கெட்டா?

பல்லவன்காலம்:
போனில் படிப்பதை வாசிப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு வரி படிப்பாய், வாட்ஸ்அப் வரும், போய்விடுவாய். புத்தகத்தின் கனம் கையில் இருக்க வேண்டும்.

தொடுதிரை:
படிக்கட்டில் தொங்கும்போது கனம் குறைவாக இருப்பது நல்லதில்லையா?

பல்லவன்காலம்:
கிண்டியில் இடம் கிடைத்தது என்று சொல்லிவிட்டேன். இங்கே யாருக்கும் மேலே எழுதியதைப் படிக்கும் பழக்கமே இல்லை. இதுதான் உங்கள் வாசிப்பின் லட்சணம்.

மூன்றாம்பெஞ்ச்:
புத்தகக் காட்சித் திரியிலும் இவர் இதையேதான் செய்தார். கல்லூரி மாணவருக்குத் தள்ளுபடி கூட்டிக் கொடுக்கலாம் என்று நான் எழுதினேன். "நாங்கள் பழைய புத்தகக் கடையில் வாங்கினோம்" என்று ஆரம்பித்து அறுபது பதிவு ஓட்டினார். எதைப் பேசினாலும் நாங்கள், நாங்கள், நாங்கள்.

பல்லவன்காலம்:
அந்தத் திரியில் நீ பதில் சொல்ல முடியாமல் போனாய், அதை இங்கே தீர்த்துக்கொள்கிறாய். வேலைக்குப் போனபின் நேரம் கிடைக்கும் என்று நினைக்காதே. கல்யாணம், பிள்ளை, லோன் என்று வரும்போதுதான் தெரியும், கல்லூரிதான் இருப்பதிலேயே காலியான காலம். இப்போது வராத பழக்கம் பிறகு வராது. உன் மேல் அக்கறை இருப்பதால்தான் இத்தனை எழுதுகிறேன். காலையில் 10, மாலையில் 10. மொத்தம் 20.

அச்சுமை:
அச்சகத்தில் வேலை பார்க்கிறேன், இரவு நேரக் கல்லூரி படிப்பு. ஒரு சந்தேகம். 20 பக்கம் என்றால் எந்த அளவு பக்கம்? டெம்மியா, கிரவுனா? டெம்மியில் கொள்ளுகிற எழுத்து கிரவுனில் கொள்ளாது. எழுத்தளவு பெரிதாகப் போட்டு வரி இடைவெளி விட்டால் இருநூறு பக்கத்தை முந்நூறு ஆக்கிவிடலாம். நாங்களே செய்து கொடுத்திருக்கிறோம்.

பல்லவன்காலம்:
எந்த அளவாக இருந்தால் என்ன?

அச்சுமை:
அதுதான் முழுக் கணக்கே சார். பல்லவனில் நீங்கள் படித்தது எந்த அளவு?

பல்லவன்காலம்:
அந்தக் காலத்தில் மாத நாவல் வரும். கைக்கு அடக்கமாக இருக்கும். பெட்டிக்கடையில் தொங்கும்.

ஹாஸ்டல்வாசி:
மாத நாவலா! கனம் கையில் இருக்க வேண்டும் என்றீர்களே?

பல்லவன்காலம்:
மாத நாவல் என்றால் கேவலமா? அதைப் படித்துத்தான் பெரிய புத்தகங்களுக்கு வந்தோம். உன் வார்டனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? கனமான புத்தகமும் படித்தேன், அதுவும் பஸ்ஸில்தான், அதுவும் 20 பக்கம்தான்.

ஷிப்ட்டூ:
மாத நாவலைக் கேலி செய்யாதீர்கள். எங்கள் அம்மா எழுத்துக் கூட்டிப் படித்ததே அதில்தான். ஆனால் அண்ணா, தாளே வேறென்றால் இன்றைய டெம்மி புத்தகத்துக்கு உங்கள் 20 என்ன ஆகும்? பன்னிரண்டா?

பல்லவன்காலம்:
20 என்றால் 20. மூன்றாம்பெஞ்ச் தம்பி, நாளைக்கே ஒரு நாவலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறு. சாயங்காலம் வந்து இங்கே எழுது.

மூன்றாம்பெஞ்ச்:
நாளைக்கு மாடல் லேப் எக்ஸாம். பஸ்ஸில் வைவா கேள்வி படிக்க வேண்டும், அதுவும் லைட் எரிந்தால். நீங்கள் வாருங்கள் எங்கள் பஸ்ஸில், கடைசி சீட் காலியாகத்தான் இருக்கும். டிரைவர் அண்ணனிடம் நான் சொல்லி வைக்கிறேன்.

ஜன்னலோரம்:
கடைசி சீட்டில்தான் குலுக்கல் அதிகம். கவர் எடுத்துவரச் சொல்லுங்கள்.

பல்லவன்காலம்:
எனக்குக் கவர் தேவைப்படாது. எந்த ரூட், எத்தனை மணிக்கு என்று சொல். புத்தகமும் நானே கொண்டுவருகிறேன்.

அச்சுமை:
டெம்மி அளவில் கொண்டுவாருங்கள் சார்.