ஹெக் 293 செல்களில் புரத விளைச்சல் சரிகிறது: எதை முதலில் சோதிப்பது?

கேள்வி:
வணக்கம். மிதவை நிலையில் வளரும் ஹெக் 293 என்ற மனித செல்களில், ஹிஸ் டேக் (நிக்கலில் ஒட்டும் ஹிஸ்டிடின் வால்) இணைத்த ஒரு சுரப்புப் புரதத்தை உற்பத்தி செய்து வருகிறோம். தொடக்கத்தில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் வரை கிடைத்த புரதம், பேட்சுக்குப் பேட்ச் குறைந்து இப்போது 5 மில்லிகிராமைத் தொடுவதே பெரும்பாடாக இருக்கிறது. புரதத்துக்கான மரபணுவைத் தாங்கிய பிளாஸ்மிடும் (வட்ட டிஎன்ஏ), அதைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் பிஇஐ பாலிமரும் பழைய 1:3 விகிதத்தில்தான் சேர்க்கப்படுகின்றன. டிரிப்பான் புளூ சோதனையில் 95 விழுக்காட்டுக்கு மேல் செல்கள் உயிருடன் இருக்கின்றன, மீடியமும் (வளர்ப்புத் திரவமும்) கலங்கவில்லை. பிளாஸ்மிடைப் புதிதாகத் தயாரிக்கும்படி என் ஆய்வு நெறியாளர் சொல்கிறார். அதற்கு முன் எதைப் பார்க்கலாம்?

மறுமொழி 1:
செல்கள் புரதத்தை உருவாக்கவில்லையா, அல்லது உருவான புரதம் சுத்திகரிப்பில் கைநழுவுகிறதா என்பதை முதலில் பிரித்தறியுங்கள். ஒரு சிறு ஃபிளாஸ்கில் பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்துக்கான பிளாஸ்மிடைச் செலுத்தி, 48 மணி நேரம் கழித்து எத்தனை செல்கள் பச்சையாக ஒளிர்கின்றன என்று பாருங்கள். அத்துடன், காலத்தில் (column, ரெசின் நிரப்பிய சுத்திகரிப்புக் குழாய்) ஏற்றுவதற்கு முந்தைய மீடியத்தையும் காலத்தில் ஒட்டாமல் வெளியேறும் திரவத்தையும் அருகருகே ஓட்டி, ஹிஸ் டேக்குக்கான ஆன்டிபாடியால் வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) செய்யுங்கள். செல்கள் கொத்தாகச் சேராதிருக்க ஹெப்பாரின் அல்லது டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் கலந்த மீடியத்துக்கு இடையில் மாறியிருந்தால், அந்த எதிர்மின்னூட்டப் பொருள்கள் பிஇஐயைப் பற்றிக்கொண்டு டிஎன்ஏ செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கும்.

மறுமொழி 2:
மீடியம் கலங்கவில்லை என்பதை வைத்து மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியா இல்லையென்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது மீடியத்தைக் கலக்குவதில்லை, அன்றாடம் நாம் பார்க்கும் மைக்ராஸ்கோப்பிலும் தென்படுவதில்லை. செல்சுவர் இல்லாததால் பென்சிலின் அதனிடம் எடுபடாது, 0.22 மைக்ரான் ஃபில்டர் வழியாகவும் அது நுழைந்துவிடக்கூடும். பிசிஆர் சோதனை ஒரே நாளில் முடிந்துவிடும். தொற்று உறுதியானால், மருந்து கொடுத்துக் காப்பாற்ற முனைவதைவிட, அந்தச் செல்களை அழித்துவிட்டு, தொற்று இல்லையென்று சோதித்தறிந்த உறைநிலையில் வைத்திருக்கும் பழைய செல் குப்பியை உருக்கி மீண்டும் தொடங்குவதே மேல் என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பிசிஆரில் மைக்கோபிளாஸ்மா இல்லை. ஜிஎஃப்பி செலுத்திய செல்களில் பெரும்பாலானவை ஒளிர்ந்தன. ஆனால், ஒட்டாமல் வெளியேறிய திரவத்தில்தான் புரதப் பட்டை அழுத்தமாகத் தெரிகிறது. ஒவ்வொரு பேட்சுக்கும் அதே நிக்கல் ரெசினையே பயன்படுத்துகிறோம். இப்போது கவனித்தால், அதன் நீல நிறம் காலத்தின் மேற்பகுதியில் ஏறக்குறைய வெண்மையாகிவிட்டிருக்கிறது.

மறுமொழி 1 எழுதியவர்:
அப்படியானால் பிளாஸ்மிடைத் தொட வேண்டியதில்லை, ரெசினில் நிக்கல்தான் குறைந்துவிட்டது. மீடியத்தை நேரடியாக ஏற்றும்போது, அதிலுள்ள கீலேட்டர்கள் (உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் பொருள்கள்) நிக்கலைச் சிறிது சிறிதாகக் கழற்றிச் செல்கின்றன, ஹிஸ்டிடின் போன்ற அமினோ அமிலங்களோ ஒட்டும் இடத்துக்காகப் புரதத்தோடு போட்டியிடுகின்றன. ரெசினில் எஞ்சிய நிக்கலை இடிடிஏ என்ற கீலேட்டர் கொண்டு முழுவதும் நீக்கி, நன்றாகக் கழுவியபின், நிக்கல் சல்ஃபேட் கரைசலால் நிக்கலை மீண்டும் ஏற்றுங்கள். வெளியேறும் நிக்கல் கழிவைச் சிங்கில் ஊற்றாமல் தனிப் புட்டியில் சேகரியுங்கள். அடுத்த பேட்ச் முதல், அறுவடை செய்த மீடியத்தை டயாலிசிஸ் (சவ்வு வழிப் பிரிப்பு) மூலம் பஃபருக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள். புரதம் சிதையாதிருக்கப் புரோட்டியேஸ் தடுப்பான் சேர்ப்பதாக இருந்தால், இடிடிஏ இல்லாத வகையாகப் பார்த்து வாங்குங்கள்.