பாதரச வேலை, விரல் நடுக்கம்: என்சிஎஸ் நார்மல்னா விட்டுடலாமா?

நைட்ஷிஃப்ட்:
பழைய டியூப்லைட் உடைச்சு ரீசைக்கிள் பண்ற யூனிட்ல வேலை. கொஞ்ச நாளா ஸ்க்ரூடிரைவர் முனைய ஸ்க்ரூ தலையில வைக்கப் போனா விரல் ஆடுது, கைய சும்மா வச்சிருந்தா ஒண்ணுமில்ல. கால் விரலும் மரத்த மாதிரி இருக்கு. பிளட்ல பாதரசம் கம்மி, நரம்புல லேசா கரண்ட் விட்டுப் பாக்கற என்சிஎஸ் டெஸ்ட் எடுத்தாங்க, அதுவும் நார்மல். அப்ப பயப்பட வேண்டாமா?

குறுக்கெழுத்து:
என்சிஎஸ் கை கால் நரம்புல கரண்ட் எவ்ளோ வேகமா, எவ்ளோ பலமா போகுதுன்னுதான் பாக்கும், அதுவும் பெரிய நார்கள மட்டும். பாதரச ஆவி முதல்ல பிடிக்கிறது மூளைய, நீங்க சொல்ற நடுக்கம் அங்கேருந்து வர்றது, அது என்சிஎஸ்ல தெரியவே தெரியாது. நியூராலஜிஸ்ட்கிட்ட போங்க. மூக்கத் தொட்டு அவர் விரலத் தொடச் சொல்வார், 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்க (தட்டினா அதிர்ற கவைக் கம்பி) தட்டி கால் கட்டைவிரல்ல வச்சு அதிர்வு எப்ப நிக்குதுன்னு கேப்பார். சுகர், தைராய்டு, பி12 மூணையும் பாத்துடுங்க, இதே தொந்தரவு அதுலயும் வரும்.

சேஃப்டிஆபீசர்:
பிளட்ட வச்சு முடிவு பண்ணாதீங்க ப்ரோ, அது சமீபத்துல உள்ள போனததான் காட்டும், மீன் சாப்பிட்டாலும் ஏறும். ஆவிக்கு யூரின் டெஸ்ட்தான். உடம்புல இருக்கறது பாதியாக ஏறக்குறைய ரெண்டு மாசம் ஆகறதால அதுல போன சில மாச கணக்கு தெரியும். ஷிஃப்டுக்கு முன்னாடி, வேலை டிரஸ் போடறதுக்கு முன்னாடியே சாம்பிள் கொடுங்க, யூரின் எவ்ளோ நீர்த்திருக்குன்னு காட்டற கிரியாட்டினினோட சேத்து ரிப்போர்ட் கேளுங்க. அமெரிக்காவுல வேலையிட ஆரோக்கிய நிபுணர்கள் அமைப்பான ஏசிஜிஐஎச் வச்சிருக்கற அளவு ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 20 மைக்ரோகிராம். அதுக்குக் கீழ இருந்தா ஒண்ணுமே இல்லன்னும் அர்த்தம் இல்ல. முக்கியமா, மாத்திரை கொடுத்து பாதரசத்த வெளிய தள்ளிட்டு அப்புறம் யூரின் எடுக்கற லேப் பக்கம் போகாதீங்க, யாருக்கும் ரிசல்ட் ஏறித்தான் வரும், அத நார்மல் அளவோட ஒப்பிடறது சுத்த பித்தலாட்டம்.

பழையகை:
நான் தெர்மாமீட்டர் லைன்ல இருந்தவன். எங்க சூப்பர்வைசர் எல்லாரையும் மாசாமாசம் கை மேசைல படாம வெள்ளப் பேப்பர்ல ஒரு சுருள் வரையச் சொல்லி தேதி போட்டு ஃபைல் பண்ணுவார். ஒருத்தனோட கோடு பல்லு பல்லா மாறினது அவனுக்கே தெரியல, பழசோட பக்கத்துல வச்சப்பதான் தெரிஞ்சது. தூக்கம், மறதி, கோவம் எல்லாம் வீட்ல கேளுங்க, நமக்குத் தெரியாது.

நைட்ஷிஃப்ட்:
கோவம் பத்தி வீட்ல ஏற்கனவே சொல்லிட்டாங்க 😅 யூரின் டெஸ்ட்டுக்கு எழுதிக் கேக்கறேன். அதுவரைக்கும் அதே லைன்ல நிக்கலாமா?

சேஃப்டிஆபீசர்:
வேண்டாம், டாக்டர் லெட்டரோட வேற லைன் கேளுங்க. உடைஞ்ச தூள சாதா வேக்குவம் போட்டு இழுக்கறாங்களான்னும் பாருங்க, அதுதான் ஆவிய ரூம் முழுக்க பரப்பும்.