சினையா, பொய்ச்சினையா? முயலும் வெள்ளாடும் வளர்ப்போர் பகிர்வு

மேல்மலை முயல்

முயலுக்கு ஆடு மாடு போலக் குறிப்பிட்ட நாளுக்கொருமுறை பருவம் வந்து போவதில்லை. இணை சேர்ந்த பிறகுதான், 10 முதல் 12 மணி நேரத்தில், கருமுட்டை இறங்கும். பொய்ச்சினை அதிகம் வருவதற்கும் இதுவே காரணம். ஆணுக்கு வீரியம் குறைந்திருந்தாலும் சரி, ஒரே கூண்டில் இரண்டு பெட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினாலும் சரி, முட்டை இறங்கிவிடும். கரு இருக்காது, உடம்பு மட்டும் சினை போலவே நடந்துகொள்ளும். 16 முதல் 18 நாளுக்குள் வயிற்று மயிரைப் பிடுங்கிக் கூடு கட்ட ஆரம்பித்தால் அது பொய்ச்சினை. குட்டிப்பெட்டி வைக்காதீர்கள், திரும்ப ஆணிடம் விடுங்கள். அந்த நேரத்தில் நன்றாகவே சினை பிடிக்கும்.

பெட்டையைத்தான் ஆண் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால் பெட்டை தன் இடத்தைக் காக்கப் பாயும், கடி விழும். அறை (பெண்குறி) சிவந்து தடித்திருந்தால் ஏற்கும், வெளிறியிருந்தால் அன்று விட வேண்டாம். ஆண் பக்கவாட்டில் சரிந்து விழுந்தால் சேர்க்கை முடிந்தது. தேதியை உடனே கூண்டு அட்டையில் எழுதுங்கள்.

ஓமலூர் தம்பி

அண்ணா, சினையா என்று வயிற்றைத் தடவிப் பார்க்கும்போது புழுக்கையையும் கருவையும் எப்படிப் பிரித்தறிவது?

மேல்மலை முயல்

12 முதல் 14 நாளில் பாருங்கள் தம்பி. ஒரு கையால் தோள் தோலைப் பிடித்துக்கொண்டு, மறு கையைப் பின்னங்காலுக்குச் சற்று முன்னால் அடிவயிற்றில் கொடுங்கள். கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம். கரு கோலிக்குண்டு அளவில் மெத்தென்று இருக்கும், விரலுக்குள் நழுவும். புழுக்கை அதைவிடச் சிறியது, கெட்டியானது, முதுகெலும்பை ஒட்டி வரிசையாக நிற்கும். அழுத்தக் கூடாது, அழுத்தினால் கரு சிதையும்.

27 அல்லது 28ஆம் நாள் தேங்காய் நார் போட்ட பெட்டி வையுங்கள். பெரும்பாலும் 31ஆம் நாள் ஈனும். ஒன்றிரண்டு குட்டி மட்டும் இருந்தால் அவை பெருத்துச் சிக்கிக்கொள்வதுண்டு. 33ஆம் நாளும் ஈனவில்லை என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள். ஈனும் இரவில் தண்ணீர் தீர்ந்துபோகவே கூடாது. தண்ணீர்த் தட்டுப்பாடும், ஆள் நடமாட்டமும் தாயைக் குட்டியைத் தின்ன வைக்கும். தாய் நாளுக்கு ஒருமுறை, சில நிமிடம்தான் பால் கொடுக்கும். பெட்டிக்குள் போகவில்லையே என்று பதற வேண்டாம், குட்டியின் வயிறு உருண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் ஆணின் விந்து கெடும். வெயில் தணிந்தாலும் தேற ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அந்தக் காலத்தில் சினை நிற்காததற்குப் பெட்டையைக் கழித்துக்கட்டுவது அநியாயம்.

கரிசல் வெள்ளாடு

பொய்ச்சினை வெள்ளாட்டிலும் உண்டு. அங்கே கருப்பையில் நீர் கோக்கும். வயிறு பெருக்கும், பருவத்துக்கு வராது, கடைசியில் வெறும் நீராக உடைந்து போகும், குட்டி இருக்காது. பருவச் சுழற்சி 18 முதல் 21 நாள். அந்தக் கெடுவில் மறுபடி கத்தவில்லை என்பதை மட்டும் வைத்துச் சினை என்று முடிவு கட்டாதீர்கள். 30 நாள் கழித்து ஸ்கேன் பார்த்தால் தெரிந்துவிடும். நீர் என்றால் ஊசி போட்டு வெளியேற்றலாம், அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும்.

காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை கிடாய்க்கு விடுங்கள். கொம்பில்லாப் பெட்டையைக் கொம்பில்லாக் கிடாயோடு சேர்க்காதீர்கள். இரண்டும்கெட்டான் குட்டிகள் பிறக்கும், அவை சினைக்கு ஆகா.

சினை 150 நாள், ஐந்து நாள் முன்பின் ஆகலாம். முதல் மாதத்தில் அல்பெண்டசோல் குடற்புழு மருந்து வேண்டாம், குட்டி ஊனமாகும். ஃபென்பெண்டசோல் கொடுக்கலாம். வயிற்றுக் குட்டி பெரும்பங்கு வளர்வது கடைசி ஆறு வாரத்தில்தான். அப்போது அடர்தீவனத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு தீவனத்தை விட்டு, பல்லைக் கடித்து, தனியே மந்தமாக நின்றால் அது சினை நச்சு நோய். மறுநாள் பார்ப்போம் என்று விட்டால் ஆடு தங்காது.

ஓமலூர் தம்பி

ஈனும்போது எப்போது கை கொடுப்பது?

கரிசல் வெள்ளாடு

இரண்டு முன்னங்காலும் மூக்கும் தெரிந்தால் விட்டுவிடுங்கள், தானாக வரும். ஒரு மணி நேரம் முக்கியும் ஒன்றும் தெரியாவிட்டால், அல்லது வால் மட்டும் தெரிந்தால், மருத்துவரைக் கூப்பிடுங்கள். தொப்புள்கொடியில் டிங்சர் அயோடின் தடவி, முதல் ஒரு மணிக்குள் சீம்பால் குடிக்க வையுங்கள். நஞ்சுக்கொடி 12 மணி நேரத்தில் விழ வேண்டும். இழுக்கக் கூடாது, கருப்பை கிழிந்து ரத்தம் போகும்.

குட்டி வீசிய (கருச்சிதைந்த) ஆட்டை வெறுங்கையால் தொடாதீர்கள், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்தப் பக்கமே வர வேண்டாம். குட்டி வீச வைக்கும் புருசெல்லா கிருமி மனிதருக்கும் வரும். வீசியதைச் சுண்ணாம்பு போட்டு நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். ரத்தப் பரிசோதனை முடியும்வரை அந்த ஆடு தனியே நிற்கட்டும். பாலைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம்.