பிரான்ஸ் கால்பந்து வீரர் ஜிடேன் ஆட்டத்தைக் கண்விழித்துப் பார்த்த வேலூர்ப் பக்கத்துக்காரர்கள், மறக்க முடியாததைச் சொல்லுங்கள்

காட்பாடி:
2006 உலகக் கோப்பை பைனல், பிரான்ஸ்-இத்தாலி. நம்ம ஊரில் ராத்திரி 11.30-க்கு ஆரம்பித்தது. எல்லாரும் ஜிடேன் இத்தாலியின் மடெராட்ஸியைத் தலையால் முட்டியதையே பேசுகிறார்கள். எனக்கு இன்னும் ஆறாதது அதற்கு ஆறு நிமிடம் முன்னால் நடந்தது. 104-வது நிமிடம். சக ஆட்டக்காரர் சான்யோலிடம் பந்தைக் கொடுத்துவிட்டு ஜிடேன் உள்ளே ஓடினார். சான்யோல் தூக்கிப் போட, தலையால் ஓங்கி அடித்தார். இத்தாலி கோல்கீப்பர் பஃபன் ஒரு கையால் மேலே தட்டிவிட்டார். ஜிடேன் வாய் பிளந்து கத்தினாரே, அந்த முகம்! எங்கள் நைனா பாயிலிருந்து எழுந்தே விட்டார். அது மட்டும் கோலாகியிருந்தால் 110-வது நிமிடம் வேறு மாதிரி போயிருக்கும். சிவப்பு அட்டையைப் பார்த்ததும் நைனா டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டார். பிரான்சின் டிரெசகே பெனால்டியை கோல் குறுக்குக் கம்பியில் அடித்ததெல்லாம் காலையில்தான் தெரியும்.

ஆம்பூர்:
காட்பாடி அண்ணே, இதை ஒத்துக்கொள்ள முடியாது. கோல் போனதால் வந்த கோபம் இல்லை அது. 1998-லேயே சவூதி ஆட்டக்காரரை மிதித்து வெளியே போனார், இரண்டு ஆட்டம் தடை. 2000-இல் யுவெண்டஸுக்கு ஆடும்போது ஹாம்பர்க் ஆளை முட்டினார். சீண்டினால் தாங்க மாட்டார், அவ்வளவுதான். மடெராட்ஸி அவருடைய அக்காவை இழுத்துப் பேசினார்.
நான் பார்த்தது 1998 உலகக் கோப்பை பைனல், பிரேசிலோடு. ஷூ கம்பெனி ஆட்கள் டீக்கடையில் கூடியிருந்தோம், நள்ளிரவு தாண்டி ஆட்டம். சக ஆட்டக்காரர் பெட்டி அடித்த கார்னரில் ஒரு கோல், ஜோர்காயெஃப் அடித்த கார்னரில் ஒன்று, ஜிடேன் இரண்டும் தலையால்! இத்தனைக்கும் தலையால் கோல் அடிப்பவர் என்று பேர் வாங்கியவரே இல்லை. பிரேசில் கட்சிப் பெரியவர் ஒருவர் அதுவரை ரொனால்டோவைத் திட்டிக்கொண்டே இருந்தார். இரண்டாவது கோலுக்கு அப்புறம் வாயே திறக்கவில்லை.

சத்துவாச்சாரி:
எனக்கு 2002 கிளாஸ்கோ, ரியல் மாட்ரிட் கிளப்புக்கு ஜிடேன் ஆடிய சாம்பியன்ஸ் லீக் பைனல். ராபர்டோ கார்லோஸ் தூக்கிவிட்ட பந்து வானத்திலிருந்து இறங்க, தரையில் படும் முன்பே இடது காலால் அடித்தார், வாலி. வலது கால்காரர் அவர்!
கோட்டை மைதானத்தில் ஆடும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த வாலியைப் போட்டுப் பார்க்காதீர்கள், முதல் தொடுதலைப் பாருங்கள். பந்து வருவதற்கு முன்பே இரண்டு தோள்பட்டைக்கும் மேலாகத் திரும்பிப் பார்த்து, யார் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பந்தை நிறுத்தும்போதே அடுத்து போக வேண்டிய பக்கம் உடம்பு திரும்பியிருக்க வேண்டும். பந்தோடு சுழன்று ஆளைத் தாண்டுகிற அவருடைய அந்தச் சுழற்சி இதிலிருந்துதான் வருகிறது, சும்மா கால் வித்தை இல்லை. சுவரில் தினமும் அடித்து, வருவதை எதிர்க்காலால் நிறுத்துங்கள். இடது கால் சரியாக வரும்வரை வலது காலைத் தொடாதீர்கள்.

குடியாத்தம்:
சார், நீங்கள் சொன்ன அத்தனையும் ஒரே ஆட்டத்தில் வேண்டுமென்றால் 2006 காலிறுதி, பிரேசிலோடு. 2004-இல் தேசிய அணியை விட்டுப் போய் அடுத்த வருடம் திரும்பி வந்தவர், 34 வயது. ரொனால்டோ தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டுத் தாண்டினார். அவர் அடித்த ஃப்ரீகிக்கில்தான் ஹென்றி கோல் போட்டார், 1-0. நாட்டுக்காக 108 ஆட்டத்தில் 31 கோல் என்று கணக்கு சொல்கிறோம், இந்த ஆட்டத்தில் அவர் பேரில் ஒரு கோலும் இல்லை. ஆனால் எனக்கு அவர் ஆடியதிலேயே பெரிய ஆட்டம் இதுதான். பைனலை வைத்தே அவரை எடைபோடுவது ஆம்பூர் அண்ணன் செய்தாலும் தப்பு, காட்பாடி அண்ணன் செய்தாலும் தப்பு. 90 நிமிடமும் முழுசாகப் பதிவு வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், பென் டிரைவ் எடுத்துக்கொண்டு வருகிறேன்.